பிள்ளையைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? – வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் தவணை முடியும் மே மாதக் கடைசியில் நம் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புகள் நடைபெறும். ஜூன் விடுமுறை தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை பள்ளிக்கும் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் இடையிலான உறவைப் பற்றியே இருந்ததால், ஆறு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பொருள்களை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பேருந்து ஓட்டுநர். வேலை நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவனுடைய கணக்குப் புத்தகம் எனக்குப் புரிவதில்லை, ஆங்கிலமும் ஓரளவுதான். ஆசிரியரைச் சந்திக்க மூன்று முறை அழைப்பு வந்தும் ஒரு முறைதான் போக முடிந்தது. அப்போதும் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்டுவதைத் தவிர நான் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?
– ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: உங்கள் கடிதம் முழுவதும் உங்களால் முடியாதவற்றின் பட்டியலாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் கணக்குப் பாடத்தைப் பற்றி நீங்கள் அவ்வளவு வருந்த வேண்டியதில்லை என்பதற்கு ஓர் ஆய்வையே சான்றாகக் காட்ட முடியும். நான்சி ஹில், டயானா டைசன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பதின்ம வயதைத் தொடும் மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 2009ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் எந்த வகையில் ஈடுபட்டால் பிள்ளையின் தேர்ச்சி கூடுகிறது என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. வீட்டுப்பாடத்தில் உதவுவதால் தேர்ச்சி உயர்கிறது என்று சொல்ல அவர்களுக்குச் சீரான சான்று கிடைக்கவில்லை. பள்ளி நிகழ்ச்சிகளுக்குச் செல்வது ஓரளவு பயன் தந்தது. எல்லாவற்றையும்விட வலுவான தொடர்பு காட்டியது எதுவென்றால், படிப்பு எதற்காக என்பதைப் பிள்ளையோடு பேசுவது, பெற்றோர் தாம் எதிர்பார்ப்பதை வெளிப்படையாகச் சொல்வது, இன்றைய பாடத்தை நாளைய வேலையோடும் பிள்ளையின் விருப்பத்தோடும் பொருத்திக் காட்டுவது ஆகியவைதாம். ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்குத்தான் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவார்கள் என்பதால், அந்த உதவி பயனற்றதுபோலக் கணக்கில் தெரிந்திருக்கவும் கூடும். அதை ஒப்புக்கொண்டாலும், கணக்குத் தெரியாத தந்தை கையற்றவர் அல்லர் என்பது தெளிவு.

உங்கள் மகன் இருக்கும் வகுப்பு இந்தப் பேச்சுக்கு மிகப் பொருத்தமானது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பழைய பிரிவுகள் நீங்கிவிட்டன. இப்போது ஒவ்வொரு பாடத்தையும் ஜி1, ஜி2, ஜி3 என்னும் நிலைகளுள் மாணவரின் திறனுக்கு ஏற்ற ஒன்றில் படிக்கலாம். ஒரு பாடத்தில் முன்னேறினால் அந்தப் பாடத்தில் மட்டும் மேல்நிலைக்கு மாறவும் வழி உண்டு. உயர்நிலை மூன்றில் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்பது இந்த ஆண்டு முடிவதற்குள் தீர்மானமாகிவிடும். அத்தீர்மானம்தான் பின்னர் தொழில்நுட்பக் கல்விக் கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொடக்கக் கல்லூரி ஆகியவற்றுள் எந்தக் கதவு எளிதாகத் திறக்கும் என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது. பல வீடுகளில் அந்தப் படிவத்தைப் பிள்ளையே நிரப்பிக் கையொப்பத்துக்கு மட்டும் நீட்டுகிறது. அதற்கு முன்பாகவே உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில் அவனை வெளியே அழைத்துச் சென்று, எதில் அவனுக்கு ஈடுபாடு, எதைக் கண்டு அஞ்சுகிறான், நண்பன் எடுக்கிறான் என்பதற்காக எதை எடுக்கப் பார்க்கிறான் என்று கேளுங்கள். அதற்கு ஆங்கிலமும் வேண்டாம், அல்ஜீப்ராவும் வேண்டாம்.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறேன். நான் முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடங்களை வீணடித்தவர்களுள் நானும் ஒருவன். மதிப்பெண்களை வாசித்துக் காட்டி, 'இன்னும் முயற்சி தேவை' என்று சொல்லி, அடுத்தவரை அழைத்துவிடுவேன். ஒரு முறை என் வகுப்பில் ஒரு பையன் நாள்தோறும் தூங்கினான். கவனமில்லாதவன் என்று அறிக்கையில் எழுதினேன். அவனுடைய தாயார் இரவு வேலைக்குப் போகும் நாள்களில், மறதிநோயால் நடு இரவில் எழுந்து வெளியே நடக்கத் தொடங்கிவிடும் தாத்தாவுக்குக் காவலாக அவன்தான் விழித்திருந்தான் என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தாயாரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருந்தால், அந்த ஆண்டு வேறு மாதிரி போயிருக்கும்.

ஆகவே அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதற்காக மட்டும் போகாதீர்கள். நாற்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாத இரண்டு செய்திகளை நீங்கள் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், எந்தப் பாடத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எடுப்பதில்லை, எப்போதிலிருந்து முகம் வாடியிருக்கிறது என்பவை அப்படிப்பட்ட செய்திகள். கூடவே ஒரே ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'அடுத்த சந்திப்புக்குள் இவனிடம் எந்த ஒரு மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள்?' வேலை நேரம் ஒத்துவராவிட்டால் தொலைபேசியில் பேச வேறொரு நேரம் தருமாறு பள்ளி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்கலாம். கேட்பதில் குறைவொன்றும் இல்லை. மொழி தடையாக இருந்தால் தமிழாசிரியர் ஒருவர் உடனிருக்க முடியுமா என்று விசாரியுங்கள். மகனையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தன் வாயாலேயே தந்தைக்குச் சொல்லும் நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அவன் முழுவதையும் சொல்வான் என்பதும் நிச்சயமில்லை.

துணைப்பாட வகுப்பைப் பற்றி ஒரு சொல். 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவு ஆய்வின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் அதற்குச் செலவிட்ட தொகை ஏறக்குறைய 180 கோடி வெள்ளி (டாலர்). அதில் எவ்வளவு தேவைக்காக, எவ்வளவு அச்சத்துக்காக என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஆசை. எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் அவன் தடுமாறுகிறான் என்று பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேள்வி: என் மகள் இவ்வாண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தாள். பெற்றோர் ஆதரவுக் குழுவில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், நன்றாக ஆங்கிலம் பேசும், வேலைக்குப் போகாத தாய்மார்களே அதிகம். நான் சேராவிட்டால் மகளைக் குறைவாகக் கவனிப்பார்களோ என்று அச்சமாக இருக்கிறது. சேர்வது கட்டாயமா?
– ஒரு தாய், செங்காங்

பதில்: கட்டாயமில்லை. சேராத பெற்றோரின் பிள்ளையை ஆசிரியர் வேறு கண்ணால் பார்ப்பார் என்ற அச்சத்தையும் விட்டுவிடுங்கள். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே பெரும்பாலான வகுப்பாசிரியர்களுக்குத் தெரியாது.

அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. பல கட்டங்களாக நடக்கும் தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில், 2பி என்னும் கட்டத்தில் முன்னுரிமை பெற, பெற்றோர் தொண்டூழியர்கள் பள்ளியில் குறைந்தது 40 மணி நேரம் சேவையாற்றியிருக்க வேண்டும் என்னும் விதி உண்டு. தொண்டு என்ற சொல்லுக்கும் இடம் என்ற சொல்லுக்கும் இடையே இப்படியொரு முடிச்சுப் போட்டுவிட்ட பிறகு, பள்ளி வாசலில் செய்யும் எந்த உதவிக்கும் ஒரு கைம்மாறு இருக்கும் என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தாயிற்று. இனி நீங்கள் செய்வது எதுவாயினும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கலாம்.

பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் ஏன் தோன்றின என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்வி அமைச்சு 1998ஆம் ஆண்டு டிசம்பரில், பெற்றோரும் சமூகமும் பள்ளிகளுக்குத் துணைநிற்பது பற்றி ஆலோசனை கூற 'காம்பஸ்' என்னும் மன்றத்தை அமைத்தது. பிள்ளையின் வளர்ச்சியில் வீடும் பள்ளியும் கூட்டாளிகள் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்று, குழுக்களும் பரவின. ஆனால், நடைமுறையில் சில குழுக்கள் ஆசிரியர் தினத்துக்குச் சிற்றுண்டி ஏற்பாடு செய்வதோடு நின்றுவிடுகின்றன. அதிலும் தவறில்லை, ஆசிரியர்களுக்குப் பசிக்கும். எனினும் உங்களைப் போன்ற ஒருவர் உள்ளே போனால்தான், கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் வேலைக்குச் செல்லும் தாய் எப்படி வருவார் என்ற கேள்வி அங்கே எழும். முதல் ஆண்டில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குப் போங்கள். வாசிப்பு நேரத்தில் தமிழ்க் கதை சொல்ல ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நீங்களே போதும்.

கேள்வி: என் சம்பளத்தில் மாதந்தோறும் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 7 வெள்ளி பிடித்தம் செய்கிறார்கள். என் பிள்ளைகள் நன்றாகவே படிக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு இதனால் என்ன பயன்? பள்ளிகளை நடத்துவது அரசாங்கம். இதில் சமூக அமைப்புகளுக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பிடித்தத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மத்திய சேமநிதிக் கழகத்தின் மூலம் வசூலிக்கப்படும் சிண்டா நிதி, மாதச் சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளிவரை போகும். உங்களுடைய 7 வெள்ளி, 2,500க்கு மேல் 4,500 வெள்ளிவரை சம்பாதிப்பவர்களுக்கு உரியது. விருப்பமில்லை என்றால் படிவம் நிரப்பி விலகிக்கொள்ளலாம். சட்டம் உங்களைக் கட்டிப்போடவில்லை.

விலகுவதற்கு முன் இந்த 7 வெள்ளியின் கதையைக் கேளுங்கள். 1980களின் இறுதியில், இந்திய மாணவர்கள் தேசியத் தேர்வுகளில், அதிலும் குறிப்பாகக் கணிதத்தில், பின்தங்கியது பெருங்கவலையாக இருந்தது. 1989இல் இந்தியர் கல்விக்கான நடவடிக்கைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது ஆராய்ந்து அளித்த அறிக்கையின் விளைவாக 1991இல் சிண்டா உருவானது. அடுத்த ஆண்டே 'ஸ்டெப்' என்னும் துணைப்பாட வகுப்புகள் தொடங்கின. குறைந்த கட்டணத்தில், சிறு வகுப்புகளில், இன்றுவரை அவை நடக்கின்றன. மலாய் சமூகத்துக்காக 1982இல் மெண்டாக்கி ஏற்கெனவே தோன்றியிருந்தது. 1992இல் சீன சமூகமும் தனக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது.

அரசாங்கம் பள்ளியை நடத்தும்போது சமூகத்துக்கு என்ன வேலை என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடப் பழைய ஒரு பதிலும் இருக்கிறது. அரசாங்கம் தமிழுக்குப் போதிய பள்ளிகளைத் தராத காலத்தில், 1946இல், கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே சிறு வணிகம் செய்தும் கூலிவேலை பார்த்தும் வாழ்ந்தவர்களின் சங்கம் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்து 1982இல் அது மூடப்பட்ட பிறகும், அந்தப் பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. அதே சாலையில்தான் சிண்டாவின் தலைமையகமும் இருக்கிறது. இந்த அண்டைமையை நான் எப்போதும் சற்று மகிழ்ச்சியோடு கவனிப்பதுண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்காகத் தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு நாளிதழின் வழியாக 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டியபோது, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வாய்ப்பைக் கனவிலும் காணாத தொழிலாளர்கள் காசு கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு என்ன பயன் என்று அவர்களும் கேட்டிருந்தால், அதற்கு யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

பள்ளியால் செய்ய முடியாததைச் சமூக அமைப்பால் செய்ய முடியும் என்பதே இதன் அடிப்படை. ஆசிரியர் வீட்டுக்கதவைத் தட்டிப் போகமாட்டார். அவருக்கு அதற்கு நேரமும் இல்லை. வீட்டில் வேலை இழப்போ, சண்டையோ, நோயோ இருக்கும்போது படிப்பு சரிவதைப் பள்ளி மதிப்பெண்ணாகத்தான் பார்க்கும். சிண்டா ஒரு குடும்பச் சேவை நிலையத்தையும் நடத்துவதால், பிள்ளையின் கணக்குப் பாடத்தையும் பெற்றோரின் கவலையையும் ஒரே இடத்தில் பேச முடிகிறது. என் பார்வையில், துணைப்பாட வகுப்பைவிட முக்கியமானது இதுதான்.

இன அடிப்படையில் சுய உதவிக் குழுக்கள் தேவையா என்று சிலர் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வறுமைக்கு இனமில்லை, நம் சமூகத்துக்குள்ளேயே சாங்கி வணிகப் பூங்காவில் வேலை பார்ப்பவரின் வீடும் ஓரறை வாடகை வீடும் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. நான்கு சுய உதவிக் குழுக்களும் தங்கள் துணைப்பாட நிலையங்களை மற்ற இனத்து மாணவர்களுக்கும் திறந்துவிட்டிருப்பதும், 'பிக் ஹார்ட்' மாணவர் பராமரிப்பு நிலையங்களைச் சேர்ந்து நடத்துவதும் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில். முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் 7 வெள்ளியை விட்டுவையுங்கள் என்பதே என் ஆலோசனை. அதைவிடப் பெரிய உதவி வேண்டுமானால், நன்றாகப் படிக்கும் உங்கள் பிள்ளைகளுள் மூத்தவரைத் தொண்டூழிய வழிகாட்டியாகச் சேரச் சொல்லுங்கள். தன்னைவிட நான்கு வயது மூத்த ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு, பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் உள்ள மதிப்பே வேறு.

கேள்வி: எனக்கு வயது 68. மகனும் மருமகளும் வேலைக்குப் போவதால் தொடக்கநிலை மூன்றில் படிக்கும் பேத்தியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பாட்டி தமிழிலேயே பேசட்டும் என்று தமிழாசிரியை சொல்லி அனுப்பினார். ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்று மருமகள் அஞ்சுகிறாள். நான் அதிகம் படிக்காதவள். பள்ளிக்குப் போய் ஆசிரியையைப் பார்க்கலாமா?
– ஒரு பாட்டி, ஈசூன்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடாக இருந்தார்கள், 2020இல் 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள். தமிழாசிரியர்கள் வகுப்பில் தருவது வாரத்தில் சில மணி நேரமே. மீதி நேரம் முழுவதும் தமிழைக் கையில் வைத்திருப்பது நீங்கள்தான் என்பதை அந்த ஆசிரியை நன்றாக அறிந்திருக்கிறார்.

மருமகளிடம் இதைச் சொல்லுங்கள்: உங்கள் பேத்திக்கு ஆங்கிலம் பள்ளியிலும் தோழிகளிடமும் திரையிலும் நாள் முழுவதும் கிடைக்கிறது. தமிழ் ஒரே ஒருவரிடமிருந்துதான் கிடைக்கிறது. அந்த ஒருவரும் அரைகுறை ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் பிள்ளைக்கு இழப்புதான் மிஞ்சும். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் கோபப்படாதீர்கள், திருத்தவும் வேண்டாம். நீங்கள் தமிழிலேயே தொடருங்கள்.

படிக்காதவள் என்று எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவருடைய குழுவினரும், மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். குறைகளைத் தேட அல்ல, அந்தக் குடும்பங்களுக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுவர. 1992இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, பயிர்த்தொழில், கட்டட வேலை, வணிகம், நாட்டு மருத்துவம் என ஒவ்வொரு வீட்டிலும் இருந்த அறிவை 'அறிவுச் செல்வம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தது. ஆசிரியர்கள் அந்த அறிவிலிருந்தே பாடங்களை அமைத்தார்கள். உங்களிடம் அது ஏராளமாக இருக்கும். தேக்கா அந்தக் காலத்தில் எப்படி இருந்தது, கம்பத்து (கிராமத்து) வீட்டிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிக்கு மாறியபோது என்னென்ன மாறின, அரிசியைப் படியால் அளந்தால் ஒரு படிக்கு எத்தனை பேர் சாப்பிடலாம் என்பவற்றைப் பேத்தியோடு பேசிப் பாருங்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் தமிழ் வாய்மொழிப் பகுதியில் ஒரு காணொளியைப் பார்த்து உரையாட வேண்டும். மனப்பாடம் செய்த வரிகளோடு வரும் பிள்ளையையும் வீட்டில் பேசிப் பழகிய பிள்ளையையும் வேறுபடுத்த, தேர்வாளருக்கு ஒரு நிமிடம் போதும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஓர் இளம் ஆசிரியை. பெற்றோர் சிலர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார்கள். பதில் சொல்லாவிட்டால் ஒத்துழைப்பில்லை என்கிறார்கள். எந்த அளவுக்கு இறங்கிப்போவது?
– ஓர் ஆசிரியை, ஜூரோங்

பதில்: 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுப்பிக்கப்பட்ட பள்ளி-வீட்டுக் கூட்டுறவு வழிகாட்டிக் குறிப்புகளை ஒட்டிக் கல்வி அமைச்சு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோரிடம் தரும் கடப்பாடு ஆசிரியருக்கு இல்லை. அவசரமில்லாத செய்திக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் பதிலளிக்கவும் வேண்டியதில்லை. 2019இல் அறிமுகமான 'பேரண்ட்ஸ் கேட்வே' செயலியும் அலுவலக மின்னஞ்சலும் இருக்கின்றன. எந்த வழியாக, எத்தனை நாளுக்குள் பதில் தருவீர்கள் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புபவருள் சிலர் பத்தரைக்குத்தான் வேலை முடிந்து வீடு திரும்பியிருப்பார்கள். மறுநாள் காலையில் பதில் எழுதும்போது அது நினைவிருந்தால் தொனி மாறும். மேலும், ஒரு வீட்டுக்கு உங்களிடமிருந்து போகும் முதல் அழைப்பு புகாராக இருக்க வேண்டாம். பிள்ளை செய்த ஏதேனும் ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல முதல் தவணையில் இரண்டு நிமிடம் செலவிட்டால், பின்னர் சிக்கல் வரும்போது அரை மணி நேரம் மிச்சமாகும். எனக்கு இது ஓய்வுபெறுவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் புரிந்தது.

கேள்வி: எங்கள் புளோக்கில், பக்கத்து வீட்டுப் பையன் பல வாரங்களாகப் பள்ளிக்குப் போவதில்லை. பத்து வயதிருக்கும். பகலில் கீழ்த்தளத்தில் தனியாகக் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறான். தாயார் மட்டும்தான், எப்போதும் வேலையில் இருக்கிறார். நான் தலையிட்டால் அடுத்த வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைப்பதாக ஆகுமோ?
– ஒரு வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: ஆகாது. ஆறு வயதுக்கு மேல் பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்னும் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. ஆனால், சட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நீங்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. தட்டினால் கதவு மூடிக்கொள்ளும்.

நீண்ட நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பின்னால் பெரும்பாலும் பல சிக்கல்கள் பின்னிக்கிடக்கும். வாடகைப் பாக்கி, காலையில் எழுப்பி அனுப்ப ஆளில்லாமை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, வகுப்பில் யாரோ கேலி செய்தது என ஒன்றை இழுத்தால் மற்றொன்றும் வரும். இதனால்தான் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் கல்வி அமைச்சு 'அப்லிஃப்ட்' என்னும் பணிக்குழுவை அமைத்து, நீண்டகாலம் பள்ளிக்கு வராமை, படிப்பை இடையில் கைவிடுதல் ஆகியவற்றைப் பள்ளி தனியாக அன்றி, சமூக அமைப்புகளோடு சேர்ந்து கையாளும் வழிகளைத் தேடியது. ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி ஆலோசகர் இருக்கிறார். வட்டாரத்தில் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், பணம் கட்ட வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. தாயார் வேலையிலிருந்து திரும்பும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் ஏதாவது பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போங்கள். பையன் பள்ளிக்குப் போகாததைப் பற்றி முதல் நாளே எடுக்காதீர்கள். வேலை எப்படி இருக்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அவரே சொல்வார். அப்போது, காலையில் அவனை எழுப்பி அனுப்ப நான் உதவட்டுமா என்று கேட்கலாம். குடும்பச் சேவை நிலையத்துக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லலாம். தனியாகப் போகத் தயங்கும் பலர், துணைக்கு ஒருவர் வந்தால் போவார்கள். அவர் பேச மறுத்தாலோ, பிள்ளை பட்டினியாகவோ அடிபட்டோ இருப்பதாகத் தெரிந்தாலோ, காத்திருக்க வேண்டாம். குடும்பச் சேவை நிலையத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். ஜூன் விடுமுறை முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மூன்றாம் தவணையின் முதல் நாள் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்த்து, முடிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.